தூரக்காட்சி வில்லையைத் தெரிந்தெடுத்தல்

மார்கழி, தை மாதங்களில் மன்னாரை அடுத்த வங்காலைப் பக்கமாகச் செல்வோர், வீதிக்கு அப்பால் விரிந்து கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பிலே பூநாரைகள் கூட்டமாக நின்று இரை தேடும் காட்சியைக் காணும் வாய்ப்புண்டு. 2008ஆம் ஆண்டிலே சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010ஆம் ஆண்டிலே ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இடம் அது. கையிலே கமெரா உள்ள ஒருவர் அவ்விடத்தைக் கண்டும் காணாதவர்போற் கடந்து செல்லுதல் அரிது. அவர் இறங்குகிறார், பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுக்கிறார், மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார். வீட்டிலே படங்களை விரித்துப் பார்க்கும்போது மகிழ்ச்சி மறைகிறது. மேலே வானம், கீழே நீர், நடுவிலே உப்புக் கற்கள் சிந்தியவை போலச் சில வெண்புள்ளிகள். பூநாரைகளைக் காணோம்!

இது கமெராவின் குற்றமுமன்று, எடுத்தவரின் குற்றமுமன்று. டிஜிட்டல் கமெராவோடு சேர்த்து விற்கப்படும் வில்லை பெரும்பாலும் 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையான குவியத் தூரம் உடையது. குடும்பப் படத்துக்கும் கோயில் வீதிக்கும் அது போதும். நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் பறவைக்குப் போதாது. ஆகவே அவர் ஒரு தூரக்காட்சி வில்லை, அதாவது கடைகளிலே ‘ஸூம் லென்ஸ்’ என்று பொதுவாகச் சொல்லப்படும் நீண்ட வில்லை, வாங்க எண்ணுகிறார். கடையின் கண்ணாடி மேசைமீது இரண்டு வில்லைகள் வைக்கப்படுகின்றன. ஒன்றிலே 75–300 என்றும், மற்றதிலே 55–250 என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் கனன் கமெராவுக்குப் பொருந்துவன. இரண்டும் விலை குறைந்த வகையின. எதை எடுப்பது?

முந்நூறு பெரிதா, இருநூற்றைம்பது பெரிதா என்று கேட்டால் சிறு பிள்ளையும் விடை சொல்லும். ஆனால் வில்லையைத் தெரிந்தெடுக்கும் விஷயத்திலே அவ்விடை பலரை ஏமாற்றியிருக்கிறது. மாதச் சம்பளத்திலே சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து வாங்குகின்றவருக்கு, அல்லது மாணவர்களிடம் சேர்த்த பணத்தைக்கொண்டு வாங்குகின்ற பாடசாலை இயற்கை மன்றத்துக்கு, இந்த ஏமாற்றம் சிறியதன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது, இறக்குமதியாகும் இத்தகைய பொருள்களின் விலை எவ்வாறு ஏறியது என்பதை எவரும் மறந்திருக்கமாட்டார். ஒருமுறை பிழையாக வாங்கினால், மறுமுறை வாங்கப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். ஆதலின் வில்லையின்மேல் எழுதப்பட்ட எண்களின் பொருளை அறிந்த பின்னரே கடைக்குச் செல்லுதல் நன்று.

முதலாவது எண், குவியத் தூரம். இது கூடக்கூடத் தூரப்பொருளின் உருவம் கமெராவினுள் இருக்கும் உணரியின்மீது பெரிதாக விழும். குவியத் தூரம் இருமடங்கானால் உருவத்தின் உயரமும் இருமடங்காகும். 100 மீற்றர் தூரத்திலே 1.3 மீற்றர் உயரமான பூநாரை ஒன்று நிற்கிறதென்று கொள்வோம். 55 மில்லிமீற்றர் வில்லை அதனைப் படத்தின் உயரத்திலே ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் காட்டும். 250 மில்லிமீற்றர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் காட்டும். 300 மில்லிமீற்றர் நான்கில் ஒரு பங்காகக் காட்டும். 55இலிருந்து 250க்குச் செல்வது பெரிய பாய்ச்சல். 250இலிருந்து 300க்குச் செல்வதோ சிறிய அடி. பூநாரையிலிருந்து 100 மீற்றரிலே 300 மில்லிமீற்றர் வில்லையோடு நிற்பவர் எடுக்கும் அளவான உருவத்தை, 83 மீற்றரிலே 250 மில்லிமீற்றர் வில்லையோடு நிற்பவரும் எடுத்துவிடலாம். கண்ணாடி மேசைமீது மிகப் பெரிதாகத் தோன்றிய வேறுபாடு, வெளியிலே பதினேழு மீற்றர் வேறுபாடுதான்.

இரண்டாவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. வில்லையின் விளிம்பிலே 4–5.6 என்றோ, 4.5–6.3 என்றோ எழுதப்பட்டிருக்கும். வில்லை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை அது குறிக்கிறது. குவியத் தூரத்தை அவ்வெண்ணால் வகுத்தால் ஒளி புகும் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 300 மில்லிமீற்றரை 5.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 54 மில்லிமீற்றர், 2.8ஆல் வகுத்தால் 107 மில்லிமீற்றர். முன்னது சிறு கிண்ணத்தின் வாய். பின்னது சோற்றுச் சட்டியின் வாய். விட்டம் இருமடங்கானால் உட்புகும் ஒளி நான்கு மடங்காகும். அத்தனை அகலமான கண்ணாடிகளைப் பிழையின்றிக் கடைந்து அமைப்பதற்கே பெரும்பணம் செலவாகிறது. 75–300 வில்லையின் நிறை அரைக் கிலோவுக்கும் குறைவு. 300 மில்லிமீற்றரிலே எப் 2.8 அளவுக்குத் திறக்கும் கனன் வில்லையோ 2 கிலோவுக்கு மேற்பட்டது. விளையாட்டரங்குகளிலே பத்திரிகைப் படப்பிடிப்பாளர் தாங்கி நிற்கும் பெரிய வில்லைகளின் விலை சாதாரண வில்லையின் விலையினும் பல மடங்காக இருப்பதன் இரகசியம் இதுவே. அவர்கள் தூரத்துக்காக மாத்திரம் பணங் கொடுப்பதில்லை. ஒளிக்காகவே பெரிதும் கொடுக்கிறார்கள்.

விலை குறைந்த வில்லை ஒளியைக் குறைவாக உள்ளே விடுகிறது. ஒளி குறைந்தால் கமெராவின் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அவ்வாறு திறந்திருக்கும்போது கை நடுங்கினால் படம் கலங்கிவிடும். தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் வில்லை, கையின் நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெருக்கிக் காட்டும் என்பதை மறத்தலாகாது. இதற்கெனப் படப்பிடிப்பாளரிடையே பழைய விதி ஒன்றுண்டு. குவியத் தூரம் எத்தனை மில்லிமீற்றரோ, ஒரு விநாடியை அத்தனையாகப் பங்கிட்டதில் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறந்திருத்தல் கூடாது என்பதே அது. பிலிம் கமெராவின் சட்டத்துக்கு அமைந்த விதி அது. இன்று பெரும்பாலார் வைத்திருக்கும் கமெராக்களின் உணரி அச்சட்டத்தினும் சிறியது. ஆகையால் குவியத் தூரத்தைக் கனன் கமெராவாயின் 1.6ஆலும், நிக்கொன், சோனி கமெராவாயின் 1.5ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். 300ஐ 1.6ஆற் பெருக்கினால் 480. அதாவது ஏறக்குறைய 1/500 விநாடி. நல்ல வெயிலிலே இது எளிது. காலைக் கருக்கலிலும் மாலை மங்கலிலும், அதாவது பறவைகள் மிகச் சுறுசுறுப்பாக இயங்கும் வேளைகளில், இது கடினம்.

இவ்விடத்திலேதான் மேசைமீதிருக்கும் இரண்டு வில்லைகளும் வேறுபடுகின்றன. 2013ஆம் ஆண்டிலே வெளிவந்த 55–250 எஸ்.ரி.எம். வில்லையினுள்ளே கையின் நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பொன்று இருக்கிறது. கை ஒரு பக்கம் அசைந்தால், உள்ளேயிருக்கும் சிறு கண்ணாடித் தொகுதி அவ்வசைவுக்கு ஏற்ப நகர்ந்து உருவத்தை நிலைநிறுத்துகிறது. இத்தகைய அமைப்புடன் கூடிய முதலாவது மாற்று வில்லையைக் கனன் நிறுவனம் 1995ஆம் ஆண்டிலே வெளியிட்டது. அன்று அது புதுமை. இன்று விலை குறைந்த வில்லைகளிலும் கிடைக்கிறது. 1/400 விநாடி வேண்டிய இடத்திலே 1/50 விநாடியிலும் அசையாப் பொருளைத் தெளிவாக எடுக்க அது பலமுறை உதவும். 1999ஆம் ஆண்டிலே வெளிவந்த 75–300 மூன்றாம் வகை வில்லையிலே அந்த அமைப்பு இல்லை. அன்றியும் 300 மில்லிமீற்றரிலே, துவாரத்தை முழுதாகத் திறந்து எடுக்கும்போது அதன் உருவம் மென்மையாகவே விழுகிறது. எப் 8 அளவுக்குச் சுருக்கினாற் சற்றுத் தெளியும். கலங்கிய பெரிய உருவத்தைப் பார்க்கிலும் தெளிந்த சிறிய உருவமே மேலானது. 24 மெகாபிக்சல் கமெராவின் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும், 10 அங்குல அகலத்துக்கு அழகாக அச்சிடக்கூடிய 6 மெகாபிக்சல் எஞ்சும். தெளிவான படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம்; கலங்கிய படத்தை என்ன செய்தாலும் தெளிவிக்க இயலாது.

ஆகவே குறைந்த பணத்திலே வாங்குவோர், எண்ணின் பருமனைப் பார்ப்பதன் முன்னர் நடுக்கந் தணிக்கும் அமைப்பு உண்டோ என்று பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு வெவ்வேறு பெயர் இட்டிருக்கிறது. கனன் வில்லையில் ஐ.எஸ்., நிக்கொன் வில்லையில் வி.ஆர்., சோனியில் ஓ.எஸ்.எஸ்., டாம்ரன் வில்லையில் வி.சி., சிக்மாவில் ஓ.எஸ். என்ற எழுத்துக்கள் காணப்படும். நிக்கொன் கமெரா உடையவர் இதிலே சிறப்பாக விழிப்பாயிருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் வெளியிட்ட ஏ.எப்.-பி வகை 70–300 வில்லை இரண்டு வடிவங்களில் வந்தது. தோற்றத்திலே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை; ஒன்றிலே வி.ஆர். உண்டு, மற்றதில் இல்லை.

நடுக்கந் தணிக்கும் அமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது படம் எடுப்பவரின் கையசைவைத் தணிக்குமேயன்றி, படத்துக்குரியவரின் அசைவைத் தணிக்காது. இல்ல விளையாட்டுப் போட்டியிலே நூறு மீற்றர் ஓடும் மாணவனை 1/50 விநாடியில் எடுத்தால், பின்னால் நிற்கும் வேலி தெளிவாயிருக்கும். மாணவன் புகைபோலத் தோன்றுவான். அவனை நிறுத்திப் பிடிக்க 1/500 முதல் 1/1000 விநாடி வரை வேண்டும். ஆயினும் அச்சம் வேண்டுவதில்லை. நண்பகலுக்கு முன்னும் பின்னும் அடிக்கும் நல்ல வெயிலிலே, ஐ.எஸ்.ஓ. 100 என்ற தாழ்ந்த உணர்திறனிலும் எப் 5.6இலே 1/800 விநாடி கிடைக்கும். வானம் மூடியிருந்தால் உணர்திறனை 800க்கு உயர்த்தினாற் பெரும்பாலும் போதும். விளையாட்டு மைதானத்துக்கு விலை குறைந்த வில்லை போதுமானது என்பதே இதன் கருத்து.

எங்கே அது போதாது? இரவு மேடையிலே நடைபெறும் கூத்துக்கும் நாடகத்துக்கும், மண்டபத்து மங்கலான விளக்கின் கீழ் நிகழும் நடனத்துக்கும் அது போதாது. அவ்வாறான படங்களே முதன்மையான தேவையாயின், தூரக்காட்சி வில்லைக்குச் செலவிடும் பணத்தை 50 மில்லிமீற்றர் எப் 1.8 வில்லையில் இட்டு, முன்வரிசையிலே ஓர் ஆசனத்தைப் பெற்றுக்கொள்வது அறிவுடைமை. அதுபோலவே, இருபது மீற்றர் தூரத்து மரக்கிளையிலே இருக்கும் சிறு குருவியைப் பெரிதாக எடுக்க விரும்புவோருக்கு 300 மில்லிமீற்றரும் போதாது. அதற்கென டாம்ரன், சிக்மா நிறுவனங்கள் 150–600 வில்லைகளை வெளியிட்டுள்ளன. அவை ஏறக்குறைய 2 கிலோ நிறையும் அதற்கேற்ற விலையும் உடையன. வில்லைக்கும் கமெராவுக்கும் இடையிலே செருகும் இருமடங்கு பெருக்கி மலிவானதுதானே என்று சிலர் எண்ணுவர். அது குவியத் தூரத்தை இருமடங்காக்கும்போது ஒளியை நான்கில் ஒன்றாகக் குறைத்துவிடும், எப் 5.6 வில்லை எப் 11 ஆகிவிடும். இருளிலே நீளத்தைப் பெறுவதனால் பயன் யாது?

அடுத்துக் கவனிக்க வேண்டியது பொருத்தம். ஒரு நிறுவனத்தின் வில்லை மற்றொரு நிறுவனத்தின் கமெராவிலே நேரடியாகப் பொருந்தாது. பொருந்தினாலும் சில வேளைகளில் வேலை செய்யாது. நிக்கொன் டி3000, டி5000 வரிசைக் கமெராக்களினுள்ளே வில்லையைக் குவியச் செய்யும் மோட்டார் இல்லை. ஆகையால் மோட்டார் இல்லாத பழைய ஏ.எப். வகை வில்லைகளை அவற்றிலே பூட்டினால், வளையத்தைக் கையாலே திருப்பித்தான் குவியச்செய்ய வேண்டும். பறக்கும் பறவைக்கு அது உதவாது. ஏ.எப்.-பி வில்லைகளோ மோட்டார் உடையனவாயினும், டி3100, டி90 போன்ற முந்திய கமெராக்களிலே குவியமாட்டா. வாங்குவதற்கு முன், தம் கமெராவிலேயே வில்லையைப் பூட்டிப் பார்த்தல் இவ்வையங்கள் யாவற்றையும் தீர்க்கும். கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமெரா வைத்திருப்போருக்கும் வழியுண்டு. கனன், நிக்கொன் நிறுவனங்கள் தத்தம் பழைய வில்லைகளைப் புதிய கமெராக்களிலே பூட்டுவதற்கான இடைவளையங்களை விற்கின்றன.

இடைவளையத்தைப் பற்றிச் சொல்லும்போது, பழைய பொருள் வாங்குதலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2018ஆம் ஆண்டு தொடக்கம் இவ்விரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாக் கமெராக்களிலே பெரிதும் கவனஞ் செலுத்தி வருவதால், வசதியுள்ளோர் பலர் தம் பழைய வில்லைகளை விற்று வருகின்றனர். பாவித்த வில்லையே சிக்கனமாக வாங்குவோருக்கு ஏற்றது. ஆனால் இலங்கை போன்ற ஈரவெப்ப நாட்டிலே வில்லைக்குப் பகை ஒன்றுண்டு. அது பூஞ்சணம். அலுமாரிக்குள்ளே தோற்பையில் மூடிவைத்த வில்லையின் உட்கண்ணாடியிலே அது சிலந்தி வலைபோலப் படர்ந்து, காலப்போக்கிலே கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். இருபுற மூடிகளையும் கழற்றி, ஒரு புறத்திலிருந்து மின்சூள் ஒளியைப் பாய்ச்சி, மறுபுறத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் அது தெரியும். சிறிது தூசி இருப்பதனாற் குற்றமில்லை; வலை இருந்தால் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிடுதல் வேண்டும். அதன்பின் வளையத்தை இரு எல்லைகளுக்கும் திருப்பிப் பார்க்கலாம். இறுக்கமோ மணல் உராயும் ஓசையோ இருத்தலாகாது. கடைசியாக, கடையின் சுவரிலே பத்திரிகைத் தாளொன்றை ஒட்டி, அதற்கு நேரெதிரே நின்று, மிக நீண்ட குவியத் தூரத்திலே ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்துக்கள் ஒரே அளவாகத் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். ஒரு மூலை மாத்திரம் கலங்கியிருந்தால் அவ்வில்லை எப்போதோ கீழே விழுந்திருக்கக்கூடும். இச்சோதனைகளுக்குப் பத்து நிமிடம் போதும். அவற்றுக்கு இடந்தராத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே மேல். வாங்கிய வில்லையைக் காற்றுப் புகாத பெட்டியிலே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு வைத்தால் அது நெடுங்காலம் உழைக்கும்.

நல்ல வில்லை கையில் வந்துவிட்டது. அதனை ஏந்திக்கொண்டு மீண்டும் வங்காலைக்குச் செல்பவர் நண்பகலிலே போய்ச் சேர்ந்தால், மறுபடியும் ஏமாற்றமே அடைவார். வெயில் ஏறியதும் நிலத்திலிருந்தும் நீர்ப்பரப்பிலிருந்தும் எழும் சூடான காற்று அலையலையாக நெளியும்; தூரத்துப் பறவையின் உருவமும் அதனோடு நெளியும். உலகிலே மிகுந்த விலை கொடுத்து வாங்கிய வில்லையாலும் அந்தக் கானலை ஊடுருவ இயலாது. சூரியன் எழுந்த பின்னுள்ள முதல் ஒன்றிரண்டு மணி நேரமே ஏற்றது. அவ்வேளையில் ஒளி மென்மையாகவும் பக்கவாட்டிலும் விழும், காற்றுந் தெளிவாயிருக்கும்.

முன்பு சொன்ன பதினேழு மீற்றரை எவ்வாறு கடப்பது? பறவைகளை நோக்கி நடப்பதன்று வழி. மனிதர் நெருங்கினால் அவை எழுந்து பறந்துவிடும். ஒவ்வொரு முறை வீணாகப் பறக்கும்போதும், நெடும்பயணத்துக்கெனச் சேர்த்துவைத்த உடல் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும். ஒரு படத்துக்காக ஒரு கூட்டத்தையே கலைப்பது படப்பிடிப்பாளருக்கு அழகன்று. வரம்பொன்றின் ஓரத்திலே, உடையின் நிறம் நிலத்தோடு ஒத்திருக்க, அசையாது அமர்ந்திருப்பதே வழி. இரை தேடிக்கொண்டு மெல்ல நகரும் பறவைகள், அமர்ந்திருப்பவரைப் பொருட்படுத்தாது, சில வேளைகளிலே தாமாகவே அண்மையில் வந்து சேரும். முழங்கை முழந்தாளில் ஊன்றியிருந்தால் கை நடுக்கமும் குறையும். பெரும்பணம் கொடுத்து வாங்கும் நீளத்தின் ஒரு பகுதியைப் பொறுமையைக் கொடுத்தும் வாங்கலாம்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது நம் முன்னோர் வாக்கு. குறைந்த பணத்திலே தூரக்காட்சி வில்லை வாங்குகின்றவர், எட்டும் தூரத்தை முதலிற் கேளாமல், நடுக்கந் தணியுமா, கமெராவிலே சரியாகப் பொருந்துமா, உட்கண்ணாடி துப்புரவாக இருக்கிறதா என்ற மூன்றையும் முதலிற் கேட்பாராக. இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், எழுதப்பட்ட எண் 300ஆக இல்லாமல் 250ஆக இருப்பதையிட்டு வருந்த வேண்டியதில்லை. அடுத்த தை மாதத்துக் காலைப்பொழுதிலே அவர் எடுக்கும் படத்தில், பூநாரை படத்தின் ஐந்தில் ஒரு பங்காகவே இருக்கும். ஆனால் அதன் வளைந்த அலகும், நீரிலே விழுந்த அதன் நிழலும் தெளிவாயிருக்கும். இயற்கை மன்றத்து மாணவர் அப்படத்தைச் சுவரிலே ஒட்டி, அது என்ன பறவை என்று தயக்கமின்றிப் பெயர் எழுதுவர். சேர்த்த பணம் நற்பயன் கொடுத்தது என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுமோ?